துவக்கு மருந்தும் வாவிக் காற்றும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கதிரவன் படுகின்ற திசையிலே பரந்து கிடக்கும் வயல்நிலத்தைப் படுவான்கரை என்பர். புரட்டாசியிலும் ஐப்பசியிலும் விதைத்த முன்மாரி நெல், மார்கழி மழையில் வளர்ந்து, தை மாதத்திலே கதிர் தள்ளும். அக்காலத்தில் உன்னிச்சை, உறுகாமம் முதலிய குளங்களை அடுத்த காடுகளிலிருந்து பன்றியும் யானையும் இறங்கும். போடியாரின் வயலைக் காக்கும் முல்லைக்காரர் பரணிலே இரவு முழுதும் விழித்திருப்பார். நெருப்புக் கொள்ளியும் தகரமும் கூக்குரலும் அவருடைய முதற் படைக்கலங்கள். அவை பயன்படாதபோது எடுப்பதற்கென்று பரணின் மூலையிலே வாய்வழி மருந்து கெட்டிக்கும் பழைய துவக்கு ஒன்று சாத்தி வைக்கப்பட்டிருப்பது பல தலைமுறைகளாக அந்நாட்டில் வழக்கமாயிருந்தது.

துவக்கு என்ற சொல்லுக்கு 1983ஆம் ஆண்டின் பின்னர் இப்பகுதியிலே வேறொரு பொருளும், அதனோடு மிகுந்த துயரமும் வந்து சேர்ந்தன. இங்கே பேசப்படுவது அத்துவக்கன்று. பயிரைக் காப்பவனும் வேட்டைக்காரனும் தன் கையாலேயே மருந்தளந்து நிரப்பிய துவக்கைப் பற்றியும், அவ்வளவிலே நேர்கின்ற சிறு பிழை என்ன செய்யும் என்பதைப் பற்றியுமே இப்பேச்சு.

வாய்வழித் துவக்கைக் கெட்டிப்பவன் ஒவ்வொரு வெடிக்கும் ஒரு சிறு தொழிற்சாலையை நடத்துகிறான். மருந்தை அளந்து குழலில் இடவேண்டும். தேங்காய்த் தும்பையோ கந்தைத் துணியையோ தக்கையாக வைத்துக் கோலால் இடிக்கவேண்டும். ஈய உண்டையை இட்டு அதன்மேலும் தக்கை வைத்து இறுக்கவேண்டும். ஈற்றிலே தொப்பியைப் பொருத்தவேண்டும். தோட்டா விற்கும் நிறுவனம் பொறிகளைக் கொண்டு செய்வதை இவன் இருட்டிலே விரல்களைக் கொண்டு செய்கிறான். நேற்று வெடித்த வெடியும் இன்று வெடிக்கும் வெடியும் ஒன்றுபோல் இருக்குமா என்பது முழுவதும் அந்த விரல்களையும், கொம்பிலோ புட்டியிலோ அடைத்து வைத்த மருந்தின் நிலையையும் பொறுத்தது.

மருந்து வலியதாயிருந்தாற் போதும் என்றே பலரும் எண்ணுவர். ஆயின் வலுவிலும் மேலாக வேண்டப்படுவது ஒருதன்மை. சற்று வலுக் குறைந்த மருந்தாயினும் ஒவ்வொரு முறையும் அதே அளவு வலுவைத் தருமாயின், சுடுபவன் தன் கண்ணையும் கையையும் அதற்கேற்பப் பழக்கிக்கொள்வான். ஒருநாள் உரத்தும் மறுநாள் இளைத்தும் வெடிக்கும் மருந்துக்குப் பழக்கிக்கொள்வது எவராலும் இயலாது.

இதனை விளக்க மட்டக்களப்பு வேளாளர்க்கு வேறு உவமை வேண்டியதில்லை. களத்திலே மரைக்கால் கொண்டு நெல் அளப்பதை அவர்கள் அறிவர். நெல்லை மெதுவாகச் சொரிந்து அளந்தால் ஓர் அளவு. மரைக்காலைத் தட்டித் தட்டி நிரப்பினால் மற்றோர் அளவு. குவித்து அளந்தால் ஒன்று, கோலால் வழித்து அளந்தால் வேறொன்று. மரைக்கால் ஒன்றே, அளக்கும் கைதான் வேறு. காய்ந்த நெல்லும் ஈரநெல்லும் ஒரே மரைக்காலில் ஒரே நிறை நிற்பதுமில்லை. மருந்தைச் சிறு குவளையால் அளப்பவனுக்கும் இதுவே நிகழ்கிறது. அதனாலேதான் இன்று தோட்டாவைத் தாமே நிரப்பும் குறிபார்ப்பாளர் பலர் குவளையளவை நம்பாமல் தராசிலே நிறுக்கின்றனர். அவர்கள் கொள்ளும் நிறை கிறெயின் எனப்படும். ஓர் இறாத்தலில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 65 மில்லிகிராம். பொன் நிறுக்கும் தட்டானின் குன்றிமணி இதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு இருக்கும். தட்டான் தன் குன்றிமணிக்குக் காட்டும் கவனத்தை இவர்கள் கரியும் வெடியுப்பும் கலந்த பொடிக்கோ, அதற்குப் பின்வந்த புகையில்லா மருந்துக்கோ காட்டுகிறார்கள்.

இனி ஈரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். மட்டக்களப்பிலே அதுவே தலையாய பகை. கரிமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றின் கலவை. தூய வெடியுப்பு காற்றின் ஈரத்தை எளிதில் இழுப்பதில்லை. ஆனால் செம்மையாகத் தூய்மை செய்யாத வெடியுப்பிலே கல்சியத்தின் நைத்திரேற்றும் கடலுப்பும் எஞ்சி நிற்கும்; அவை ஈரத்தைத் தேடிப் பிடிப்பவை. கரியோ இயல்பாகவே நுண்துளை நிறைந்த பொருள். ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் சூழ்ந்த நிலத்திலே, கார்த்திகை தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவமழை பொழியுங்காலத்தில், மூடி தளர்ந்த புட்டியிலுள்ள மருந்து என்னாகும்? பயிருக்குக் காவல் மிகவும் வேண்டிய மாதங்களும், மருந்து மிகவும் கெடுகின்ற மாதங்களும் ஒன்றாக அமைந்தது இந்நாட்டு வேளாளரின் தீப்பேறு.

ஈரம் ஏறிய மருந்து முற்றாக வெடியாதிருந்தால் ஏமாற்றம் மட்டுமே. அரைகுறையாக வெடிப்பதே ஆபத்து. தொப்பி அடிபட்டுப் பொறி பறந்தபின், மருந்து கணநேரம் தயங்கிப் பின்னர் வெடிப்பதுண்டு. அதற்குள் சுட்டவன் துவக்கைத் தாழ்த்தியிருப்பான். அல்லது என்னவாயிற்று என்று குழலைத் தன் பக்கமாகத் திருப்பியிருப்பான். தயக்கமின்றி வெடித்தாலும் வலு இளைத்திருந்தால் உண்டை விலங்கைக் கொல்லாது, புண்படுத்தும். புண்பட்ட யானை காட்டிலே அடங்கிக் கிடப்பதில்லை. சுட்டவன் வீடு திரும்பிய பின்னும் அது வழியிலே நிற்கும். அடுத்த நாள் விறகுக்குப் போகின்றவளே அதனை எதிர்கொள்ள நேரும்.

இதனினும் கொடியது மற்றொன்று. மாரியிலே மருந்து இளைத்திருப்பதைக் கண்டவன் அளவைக் கூட்டுகிறான். ஒரு குவளைக்கு ஒன்றரைக் குவளை இடுகிறான். அதுவே கைப்பழக்கமாகிவிடுகிறது. மழை ஓய்ந்து, வெயில் ஏறி, மருந்து உலர்ந்தபின்னும் கை பழைய அளவையே இடுகிறது. அல்லது புதிதாக வாங்கிய நல்ல மருந்தை அதே அளவில் இடுகிறது. பழந்துவக்கின் குழல் அதைத் தாங்குவதில்லை. கொல்லன் உலையிலே பற்றவைத்துத் திருத்திய குழலாயின் கேட்கவே வேண்டுவதில்லை. கன்னத்தோடு சேர்த்துப் பிடித்த இரும்பு கண்ணுக்கு ஒரு சாண் தூரத்திலே பிளக்கிறது. இதனை மருந்தின் வலுவினால் நேர்ந்தது என்று கூறுவர். உண்மையில் நேற்றைய மருந்தும் இன்றைய மருந்தும் ஒன்றாக இல்லாமையே குழலைப் பிளந்தது.

இலங்கையில் மருந்து செய்த பழைய முறையை எழுதிவைத்தோருள் யோன் டேவி குறிப்பிடத்தக்கவர். புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் அம்பிரி டேவியின் தம்பியாகிய இவர், படை மருத்துவராக இங்கு வந்து சில ஆண்டுகள் தங்கியவர். இலங்கையின் உள்நாட்டைப் பற்றிய அவருடைய நூல் 1821இல் வெளியாயிற்று. கண்டி நாட்டவர் தும்பறையிலுள்ள மேமூரா முதலிய குகைகளிலிருந்து மண்ணையும் பாறைத்தூளையும் எடுத்து, மரச்சாம்பலோடு கலந்து, நீர்விட்டு வடித்துக் காய்ச்சி வெடியுப்பு எடுத்ததை அவர் விரித்துரைக்கிறார். சாம்பல் போதிய அளவு சேராவிடின் ஈரமிழுக்கும் உப்பு எஞ்சிவிடும் என்பது இன்றைய வேதியியலால் எளிதில் விளங்கும். பின்னர் மூன்று பொருளையும் தட்டைக் கற்களுக்கிடையிலே அரைத்தோ, நெல் குற்றும் உரலிலே இடித்தோ, வெயிலில் உலர்த்தினர். அவ்வளவோடு வேலை முடிந்தது. மணியாக்கும் வழக்கம் இல்லை. பொடியாகவே பயன்படுத்தினர் என்பது டேவியின் குறிப்பு.

இந்த மணியாக்கல் என்பதே இங்குக் கவனிக்கவேண்டிய செய்தி. நுண்பொடியாயுள்ள மருந்தைத் தொலைவழி கொண்டுபோனால், குலுக்கத்திலே கனத்த பொருள் கீழே இறங்கும். கரி மேலே நிற்கும். ஒரே பையின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் வெவ்வேறு மருந்தாகிவிடும். அன்றியும், பொடியைக் குழலிலே இறுக இடித்தால் தீ அதன் இடையிலே ஓட வழியில்லை. தளர இட்டால் விரைந்து ஓடும். ஆகவே இடிக்கும் கையின் பலத்திற்கேற்ப வெடி மாறும். ஐரோப்பியர் மருந்தை ஈரமாக்கி அழுத்திப் பின் உடைத்து, சல்லடையிலே சலித்து, ஒத்த அளவுள்ள மணிகளாக்கக் கற்றனர். ஒவ்வொரு மணியிலும் மூன்று பொருளும் பிரியாமல் நிற்கும். மணிகளுக்கிடையிலே தீ ஓட வழியிருக்கும். மணி வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி எரிவதால், அதன் பருமனே எரியும் விரைவை வரையறுக்கும். பேரளவுப் பீரங்கிக்குப் பெருமணி, சிறு துவக்குக்குச் சிறுமணி என்று பிரித்ததன் காரணம் இதுவே. சல்லடை என்னும் எளிய வீட்டுக் கருவியே வெடியின் ஒழுங்குக்குக் காவலாயிற்று என்றால் மிகையன்று.

மணியாக்கிய மருந்தாயினும் வாவிக் காற்றிலிருந்து தப்புவதில்லை. புளியந்தீவிலே போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டையை, 1638ஆம் ஆண்டு மே மாதத்தில் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் கைப்பற்றினர். இருபுறம் வாவியும் இருபுறம் அகழியும் சூழ்ந்த கோட்டை அது. எதிரியைத் தடுப்பதற்கு இதனினும் சிறந்த அமைப்பு அரிது. மருந்தை உலர வைப்பதற்கு இதனினும் இழிந்த அமைப்பும் அரிது. அக்காலத்துக் கோட்டைகளிலும் கப்பல்களிலும் மருந்துப் பீப்பாய்களை அடிக்கடி புரட்டி வைப்பது வழக்கம். ஓரிடத்திலே நெடுநாள் இருந்தால் அடியிலுள்ள மருந்து இறுகும்; ஈரம் ஒருபுறம் தேங்கும். பீப்பாய் புரட்டும் கூலியாளின் வேலை எந்தப் போர் வரலாற்றிலும் இடம்பெறுவதில்லை.

ஈரம் மருந்தைக் கெடுக்கிறது என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர். எவ்வளவு கெடுக்கிறது என்பதை அளக்க வழி கண்டவர் பெஞ்சமின் உரொபின்சு என்னும் ஆங்கிலக் கணித அறிஞர். 1742இல் வெளிவந்த தம் நூலிலே அவர் ஓர் ஊசலை விளக்கினார். கனத்த பலகையைத் தொங்கவிட்டு அதன்மேல் உண்டையைச் சுடவேண்டும். பலகை எவ்வளவு பின்வாங்கிற்று என்பதை ஒரு நாடாவினால் அளக்கவேண்டும். அதிலிருந்து உண்டையின் வேகத்தைக் கணக்கிடலாம். கண்ணுக்குப் புலப்படாத வேகத்திற்கு முதன்முதலாக நம்பத்தக்க எண் கிடைத்தது. ஒரே அளவு மருந்து வெவ்வேறு நாளிலே தரும் வேகத்தை ஒப்பிடவும் இயன்றது. இவ்வறிஞர் பின்னர் கிழக்கிந்தியக் கம்பனியின் பொறியியலாளராகி, 1750இல் தமிழகக் கரைக்கு வந்து, 1751 யூலையிலே கடலூரை அடுத்த சென் டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்தார். மட்டக்களப்பைப் போன்றே உப்புக்காற்று வீசும் கரை அது. உண்டையின் வேகத்தை எண்ணாக்கிய மனிதரின் இறுதி நாட்கள் தமிழ்மண்ணிலே கழிந்தன என்பதை நம்மவர் பலர் அறியார்.

அந்த எண் சுடுபவனுக்கு என்ன சொல்கிறது? வினாடிக்கு 400 மீற்றர் வேகத்திலே ஓர் உண்டை புறப்படுவதாகக் கொள்வோம். மருந்து சற்று இளைத்தமையால் மற்றோர் உண்டை 380 மீற்றர் வேகத்திலே புறப்படுகிறது. வேறுபாடு நூற்றுக்கு ஐந்தே. காற்றின் தடையை விலக்கிக் கணக்கிட்டால், 25 மீற்றர் தூரத்திலே இவ்விரண்டு உண்டைகளும் படும் இடங்களுக்கிடையே இரண்டு மில்லிமீற்றரே வேறுபாடு. அதை ஒருவரும் பொருட்படுத்தார். 100 மீற்றரிலே அது மூன்று சென்ரிமீற்றருக்குச் சற்று மேலாகும். 200 மீற்றரிலே பதின்மூன்று சென்ரிமீற்றர், அதாவது ஏறத்தாழ ஒரு கைப்பிடி அகலத்தினும் மிகுதி. தூரம் இரட்டித்தால் பிழை நான்கு மடங்காகிறது. காற்றின் தடையையும் சேர்த்தால் இன்னும் பெருகும். சுட்டவன் குறி தவறவில்லை, கை நடுங்கவில்லை, மருந்தே தவறிற்று.

இக்கணக்கை மனத்திற் கொண்டால் சாமுவேல் பேக்கரின் புகழ்பெற்ற துவக்கு ஏன் அவ்வாறு அமைந்தது என்பது விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே நுவரெலியாவில் குடியேறி, ஊவா மலையடிவாரத்திற்கும் கீழைக் கரைக்கும் இடைப்பட்ட புல்வெளிக் காடுகளிலே யானை வேட்டையாடியவர் பேக்கர். 1840இல் பிரித்தானியாவின் பிரிசிற்றல் நகரிலே அவருக்கென்று செய்யப்பட்ட ஒரு சுரிகுழல் துவக்கு 21 இறாத்தல் நிறையுடையது; மூன்று அவுன்சு உருண்டையை எறிவது; ஒரு வெடிக்கு 16 திராம், அதாவது முழுதாக ஓர் அவுன்சு மருந்து கொள்வது. பெருமளவு மருந்தே வேட்டைக்காரனின் துணை என்பது அவர் கொள்கை. மிகுந்த வேகத்திலே செல்லும் உண்டை நேராகச் செல்லும். தூரத்தை மதிப்பிடுவதிலே நேரும் பிழையும் குறையும் என்பது உண்மையே. எனினும் யானையை அவர் பெரும்பாலும் சில பாக தூரத்திலேயே சுட்டார். அவ்வளவு அண்மையிலே ஐந்து பங்கு ஏற்றத்தாழ்வு ஒரு பொருட்டன்று. வலுவைக் குவித்து ஒருதன்மையின் குறையை மூடிக்கொண்டார் என்று சொன்னால் பேக்கரின் அன்பர் சினங்கொள்ளக்கூடும். ஆயினும் அது பொய்யாகாது. பொன்னும் பொருளும் படைத்த வேட்டைக்காரருக்கு இயன்ற வழி அது. முல்லைக்காரரின் மெல்லிய குழலுக்கு அவ்வழி மரணவழி.

1884இல் பிரான்சு நாட்டு வியேய் என்பவர் புகையில்லா மருந்தைக் கண்டார். 1887இல் நோபெலும், 1889இல் இங்கிலாந்திலே ஏபெல், தேவார் என்ற இருவரும் தத்தம் வகைகளை வெளியிட்டனர். பின்னையவரின் மருந்து கயிறுபோல் நீண்டிருந்தமையால் கோர்டைற் எனப் பெயர் பெற்றது. இவ்வகை மருந்து கரிமருந்தைப்போல் ஈரத்திற்கு அஞ்சுவதன்று. ஆனால் ஒரு பகை போனால் மற்றொரு பகை வரும். புகையில்லா மருந்து வெப்பத்திற்கேற்ப வலு மாறும் இயல்புடையது. இங்கிலாந்தின் குளிரிலே அளந்து நிரப்பிய தோட்டா, சித்திரை வெயிலிலே மாட்டுவண்டியில் நாள்முழுதும் கிடந்தபின் சுட்டால், குழலினுள்ளே அழுத்தம் ஏறும். ஆகவே வெப்ப நாடுகளுக்கென்று சற்றுக் குறைந்த அளவிலே நிரப்பிய தோட்டாக்களைத் துவக்குத் தொழிலாளர் தனியே விற்றனர்.

இரட்டைக்குழல் சுரிதுவக்கிலே இது இன்னும் நுட்பமான சிக்கலாகும். அதன் இரு குழல்களும் ஒரே இடத்திலே சுடுமாறு, தொழிலாளன் பலமுறை சுட்டுப் பார்த்து, சற்றே சாய்த்துப் பற்றவைக்கிறான். எந்த மருந்தை, எந்த அளவிலே இட்டுப் பற்றவைத்தானோ, அந்த மருந்துக்கும் அந்த அளவுக்கும் மட்டுமே அவை ஒன்றுபடும். அளவு மாறினால் வலக்குழல் ஓரிடத்திலும் இடக்குழல் வேறிடத்திலும் சுடும். நீலகிரியிலே குன்னூரை அடுத்த அரவங்காட்டிலே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோர்டைற் தொழிற்சாலை நிறுவப்பட்டது. குளிர்ந்த மலைப்புறம் மருந்து செய்வதற்கு உகந்த இடமே.

இன்று வேறு நாடுகளிலே தம் தோட்டாவைத் தாமே நிரப்புவோர் இந்த அறிவையெல்லாம் ஒரு மேசைமேல் வைத்துப் பயன்படுத்துகின்றனர். மருந்து வாங்கும்போது தகரத்தின்மேல் அச்சிட்ட தொகுதி எண்ணைப் பார்க்கின்றனர். தொழிற்சாலை ஒரு தொகுதியை மற்றொன்றோடு கலந்து வலுவைச் சமப்படுத்தியே விற்கிறது. எனினும் தொகுதிக்குத் தொகுதி சிறு வேறுபாடு நின்றுவிடும். ஆதலால் புதுத் தொகுதியைத் திறந்தால் அளவைக் குறைத்துத் தொடங்கி மீண்டும் சோதிப்பர். கூட்டிலே மருந்து பாதியளவே நிரம்பினால், குழல் மேல்நோக்கியபோது அது பின்னேயும், கீழ்நோக்கியபோது முன்னேயும் சரியும்; எரியும் விதமும் மாறும். ஆதலால் கூடு நிரம்பும் மருந்தையே பலர் விரும்புவர். உரொபின்சின் ஊசல் செய்த வேலையை இப்போது ஒரு சிறு மின்கருவி செய்கிறது. சுட்டதும் வேகம் எண்ணாகத் தோன்றும். பத்து வெடியின் எண்களை எழுதி, மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பர். உயர்ந்த எண்ணைக் கண்டு மகிழ்பவன் புதியவன். இடைவெளி சிறுத்ததைக் கண்டு மகிழ்பவன் பழகியவன்.

இலங்கையிலே 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும், 1956ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டமும் துவக்கையும் மருந்தையும் உரிமத்தின் கீழ் வைத்துள்ளன. உரிமமின்றி மருந்து செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். சட்டத்திற்குப் புறம்பாக மருந்தைச் சேர்ப்பவன் தண்டனையோடு மற்றோர் இழப்பையும் ஏற்கிறான். அவன் கையிலுள்ள மருந்து எங்கே, எவரால், எந்தச் சல்லடையிலே சலிக்கப்பட்டது என்பதை அறிய அவனுக்கு வழியில்லை. காட்டுப்பாதையிலே கட்டிவைக்கும் கட்டுத்துவக்குகள் இத்தகைய மருந்தையே பெரும்பாலும் கொண்டவை. பன்றிக்கென்று கட்டியது, தேனெடுக்கப் போனவனின் முழங்காலை உடைத்த செய்தி இந்நாட்டு மருத்துவமனைகளுக்குப் புதிதன்று.

பரணிலே இரவைக் கழித்த பழைய காவற்காரர்களுள் கைதேர்ந்தவர் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டனர். மாலையிலே கெட்டித்த வெடியை இரவில் சுட நேராவிடின், அதனை அப்படியே குழலில் விட்டு அடுத்த இரவுக்கு வைப்பதில்லை. இரவுப் பனியிலே குழலினுள் இருந்த மருந்தைப் புட்டியிலிருந்த மருந்தோடு ஒன்றாகக் கருதலாகாது என்பது அவர்கள் அறிந்தது. விடிந்ததும் ஆளில்லாத பக்கம் பார்த்து, வரம்பு மண்ணிலே அந்த வெடியைத் தீர்த்துவிடுவர். குழலைத் துடைத்து உலர்த்தி, வாயைத் துணியால் அடைத்து, மருந்துப் புட்டியை மட்டும் மடியிலே கட்டிக்கொண்டு, வாவித்துறைக்கு நடப்பர். அடுப்படியிலே புட்டியை வைத்து உலர்த்தலாம் என்று எவரேனும் சொன்னால் அவர்கள் காதிலே போட்டுக்கொள்வதில்லை.